பால்மரக் காட்டில் சைக்கிள்

1941-ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைப் பட்டியலைப் படிப்பவர்கள் ஓரிடத்தில் சற்றே நின்றுவிடுவார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் முறைதவறி நடப்பது நிற்க வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். இவையெல்லாம் எதிர்பார்க்கத் தக்கவையே. இவற்றுக்கு நடுவில், வெள்ளைக்காரத் துரைமார் எதிரிலும் தோட்டத்து ஆசியச் சிப்பந்திகள் எதிரிலும் தொழிலாளர் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்ல அனுமதிக்க வேண்டும் என்று ஒரு கோரிக்கை இருக்கிறது.

மேம்போக்காகப் பார்ப்பவர்க்கு இஃது அற்பமாகத் தோன்றும். பட்டியலில் உள்ள மற்றவை பெரும்பாலும் நிருவாகம் தர வேண்டியவை அல்லது நிறுத்த வேண்டியவை. இதுவோ தொழிலாளி தன் சொந்தக் காசில் வாங்கிய ஒரு பொருளைப் பற்றியது. தன் வண்டியில் தான் ஏறிப் போவதற்கு இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அந்த வண்டி தோட்டத் தமிழன் கைக்கு எப்படி வந்தது, அவனுக்கு என்ன செய்தது என்பதைப் பேராக் மாநிலத்தை நடுவில் வைத்துப் பார்ப்பது பயனுடையது. ரப்பரின் வரலாறும் சைக்கிளின் வரலாறும் அம்மாநிலத்தில் அடுத்தடுத்து வளர்ந்த இரண்டு கொடிகளைப் போலப் பின்னிக் கிடக்கின்றன.

1876-இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ரப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அடுத்த ஆண்டு 22 நாற்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சிலவற்றைப் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டாயிருந்த ஹியூ லோ கோலக்கங்சாரில் தம் மாளிகைத் தோட்டத்தில் நட்டார். அத்தலைமுறையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் முதிய மரம் ஒன்று அவ்வூரில் போற்றிக் காக்கப்பட்டு வருகிறது. அன்றைய பேராக்கின் செல்வம் ஈயம். அதற்கடுத்தது கிரியான் பக்கத்துக் கரும்பு. இந்தப் புதிய மரத்தின் பாலை யார் வாங்குவார், எதற்கு வாங்குவார் என்று கேட்டால் ஒருவராலும் தெளிவாக விடை கூறியிருக்க முடியாது.

விடை இங்கிலாந்தில் உருவாகிக்கொண்டிருந்தது. 1885-இல் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவுள்ளதும் பின்சக்கரத்தைச் சங்கிலி இழுப்பதுமான 'ரோவர்' சைக்கிளை வெளியிட்டார். இன்று நாம் காணும் சைக்கிளின் உருவம் அதுவே. அதே 1885-இல்தான் பேராக்கின் தைப்பிங் நகரிலிருந்து போர்ட் வெல்ட் துறைக்கு மலாயாவின் முதல் இரயில் ஓடிற்று; அப்பாதையை அமைக்க இலங்கையிலிருந்து தொழிலாளர் அணிகள் தருவிக்கப்பட்டன. 1888-இல் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்து பார்த்தார். பிறகு வந்த பத்தாண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சைக்கிள் மோகம் தலைக்கேறியது. ரப்பரின் பெருமையை மோட்டார்க் காருக்கே உரித்தாக்கிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. உண்மையில் டயர் ரப்பருக்கு முதன்முதலில் பெருந்தேவையை உண்டாக்கியது சைக்கிளேயாகும். கார் பின்னால் வந்து அத்தேவையைப் பன்மடங்காக்கிற்று.

சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக 1888-இல் வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாளும் பால் எடுக்கும் வெட்டு முறையை வகுத்தார். காப்பி விலை விழுந்ததும் தோட்டக்காரர்கள் அவர் சொல்லுக்குச் செவி சாய்த்தனர். 1910-இல் லண்டன் சந்தையில் ரப்பர் விலை வானளாவியபோது பேராக்கின் காடுகள் வேகமாக அழிந்து நிரை நிரையாகப் பால்மரங்கள் எழுந்தன. சுங்கை சிப்புட், கோலக்கங்சார், பத்து காஜா, தாப்பா, சுங்காய், கீழ்ப்பேராக் என்று எங்கும் தோட்டங்கள். தோட்டந்தோறும் தமிழர் லயங்கள். கரும்புக் காலத்து ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி முறையும் 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதியும் ஆள் சேர்க்கும் வேலையைத் தொடர்ந்தன. பால் வெட்டியது தமிழர் கை. தோட்டங்களையும் ஈயச் சுரங்கங்களையும் ஈப்போவோடு இணைத்த சாலைகளுக்குக் கல்லுடைத்துத் தார் ஊற்றியதும், மராமத்து இலாகாவில் கூலிகளாயிருந்த தமிழர் கையே. டயருக்கு வேண்டிய பாலையும், டயர் உருளச் சாலையையும் கொடுத்தவர்கள், சைக்கிளை ஏறக்குறைய எல்லோருக்கும் கடைசியில் வாங்கினார்கள்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1920-களின் இறுதியில் போக்குவரத்துக்கு எளிதான வட்டாரங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி வரையறுக்கப்பட்டது. மாதத்தில் இருபத்தாறு நாள் பிழையில்லாமல் பெரட்டுக்கு நின்றாலும் ஆண்மகன் கையில் 13 வெள்ளி. அதிலும் மழை பெய்தால் வெட்டு இல்லை. அரிசி, மண்ணெண்ணெய், கோயில் வரி, ஊருக்கு அனுப்பும் பணம், கள்ளு ஆகிய இத்தனையும் அந்த 13 வெள்ளியில் அடங்க வேண்டும். 1930-க்குப் பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்து அதையும் குறைத்தது; ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்கே திருப்பி அனுப்பப்பட்டனர். இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், 1937-இல் வெளியான தம் அறிக்கையில் பழைய 50 காசும் 40 காசும் மீண்டும் தரப்பட வேண்டும் என்றார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை என்று பலர் குறைப்பட்டதும் உண்டு. அக்குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஆகவே தோட்டத்தில் சைக்கிள் முதலில் கிராணிமாரிடம் வந்தது. அவர்களுள் பெரும்பாலோர் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழரும் ஆவர். பள்ளி ஆசிரியர், மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர், தண்டல் என்று சைக்கிள் படிப்படியாகக் கீழே இறங்கிற்று. துரைக்குக் கார், கிராணிக்குச் சைக்கிள், கூலிக்குக் கால் என்பது எழுதாத சட்டம். பால்வெட்டுக்காரன் சைக்கிள் வாங்கும்போது ஒரு வண்டியை வாங்குவதோடு நிற்கவில்லை. தனக்கு மேலே இருந்த ஒரு படியிலும் கால் வைத்தான். இறங்கச் சொன்னவர்களுக்கு இது நன்றாக விளங்கியிருந்தது.

மற்றொன்றும் அவர்களுக்கு விளங்கியிருந்தது. தோட்டம் என்பது தனியார் நிலம். உறவினரே ஆனாலும் வெளியார் உள்ளே வர அனுமதி வேண்டும். கிள்ளான் கோரிக்கைகளில் உறவினரும் நண்பரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் ஒன்று. லயத்திலிருந்து பெரிய சாலைக்கே பல கல் தொலைவு. அருகில் இருந்த ஒரே மளிகைக் கடையில் கடன், அந்தக் கடன் தீருமுன் அடுத்த கடன். சைக்கிள் வந்ததும் நாற்பது நிமிடத்தில் டவுனுக்குப் போகலாம். நான்கு கடையில் விலை கேட்கலாம். அடுத்த தோட்டத்தில் என்ன கூலி கொடுக்கிறார்கள் என்று அறியலாம். செய்தித்தாள் வாங்கி வந்து லயத்து வாசலில் உரக்கப் படிக்கலாம். கூலியை ஓரிடத்திலேயே கட்டிப்போட்டிருந்த தூரம் என்னும் சுவரில் அது வாசல் வைத்தது.

வாங்கிய முறையும் அறியத் தக்கது. ராலி, ஹெர்குலிஸ், ஹம்பர், பி.எஸ்.ஏ. ஆகிய ஆங்கிலேய வண்டிகளுக்கே மதிப்பு. 1930-களில் மலிவான சப்பானிய வண்டிகளும் உதிரிப் பாகங்களும் மலாயாச் சந்தையில் ஏராளமாக இறங்கின. விற்றவர்கள் பெரும்பாலும் சீனர். அவர்களிலும் குறிப்பாகப் புக்கியான் மாநிலத்து ஹெங்ஹுவா மக்கள். மற்றச் சீனக் குழுவினர்க்குப் பிந்தி மலாயா வந்த இவர்கள், நல்ல வாணிகங்கள் யாவும் பிறர் கையில் இருக்கக் கண்டு ரிக்ஷா இழுத்தும் சைக்கிள் பழுது பார்த்தும் பிழைப்பைத் தொடங்கினர். பின்னர் உதிரிப் பாகக் கடை, வண்டிக் கடை, மோட்டார்க் கடை என்று வளர்ந்து அத்துறையையே தமதாக்கிக்கொண்டனர். பிந்தி வந்த சீனரும் அடியில் இருந்த தமிழரும் ஒரு சைக்கிள் கடை வாசலில் சந்தித்தனர் எனலாம். பேச்சு கடை மலாயில்; பேரம் விரல்களில்.

ரொக்கம் கொடுத்துப் புது வண்டி எடுத்தவர் அரிதினும் அரிது. பழைய வண்டியை வாங்கி வண்ணம் பூசிக்கொண்டவர் பலர்; தவணையில் எடுத்தவர் பலர். தோட்டப் பெண்களின் கைவண்ணமான 'கூட்டு' வழியாகச் சைக்கிள் கண்டவர்களும் உண்டு. பத்துப் பேர் மாதம் ஆளுக்குச் சிறு தொகை போட்டு, முறை வைத்து ஒருவர் முழுத் தொகையை எடுப்பதே கூட்டு. இந்தத் தமிழ்ச் சொல் மலாய் மொழியில் 'கூத்து' என்று புகுந்து, ஏமாற்றுக்காரர்கள் இம்முறையைக் கெடுத்ததன் விளைவாக 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டத்தின் பெயரிலும் ஏறிவிட்டது. பால்வெட்டுக்காரர்களின் சிக்கனம் நாட்டின் சட்டப் புத்தகத்திற்கே ஒரு சொல்லைக் கொடுத்திருப்பது சிறிய செய்தி அன்று. அது தடைச் சட்டமாகப் போனதுதான் வருத்தம்.

வண்டியோ பெரியவர்களுக்கென்றே ஆனது. 28 அங்குலச் சக்கரம், கறுப்புச் சட்டம், நடுவே உயரமான பார், கம்பிப் பிரேக், பின்னால் மூட்டை தாங்கும் கேரியர். சிறுவர் அளவில் வண்டி செய்து கொடுப்பது அன்று தோட்டத்தில் நினைத்தும் பாராத ஆடம்பரம். அப்பா வண்டியின் பாருக்குக் கீழே காலை நுழைத்து, உடம்பை ஒருபுறம் சாய்த்து மிதித்தே பிள்ளைகள் பழகினர்; தமிழ்நாட்டில் இதனைக் குரங்குப் பெடல் என்பர். தனக்கென்று ஒரு வண்டி வருவது சம்பளம் வாங்கத் தொடங்கிய பிறகுதான். தோட்டத்துப் பையன் ஆளாகிவிட்டான் என்பதற்கு மீசையைவிடச் சைக்கிளே உறுதியான அடையாளம்.

இனி, இறங்க வேண்டும் என்ற விதிக்கு வருவோம். துரை வரும்போது குடையை மடக்குவது, தலைத்துண்டை எடுப்பது, வழியை விட்டு ஒதுங்குவது ஆகியவற்றோடு சைக்கிளிலிருந்து இறங்குவதும் சேர்ந்தது. இதை வெள்ளையர் கண்டுபிடித்த வழக்கம் என்று சொல்லிவிட்டால் நமக்கு எளிதாக இருக்கும். உண்மை அவ்வளவு எளிதன்று. இத்தொழிலாளரில் பெரும்பகுதியினர் தமிழகத்தில் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். செருப்பணிந்து மேல்சாதித் தெருவில் நடக்கக்கூடாது, தோளில் துண்டு கூடாது, சைக்கிளில் ஏறிப் போகக்கூடாது என்ற கட்டுகளை நம் கிராமங்கள் விதித்தே இருந்தன. சில இடங்களில் அக்கட்டு 20-ஆம் நூற்றாண்டின் இறுதி வரையிலும் நீடித்தது. கடல் கடந்தவன் அதே விதியைத் தொப்பி அணிந்த உருவத்தில் எதிர்கொண்டான். ஒரு வேறுபாடு உண்டு. ஊரில் இறங்கு என்றவனுக்கு ஆயிரம் ஆண்டுச் சாத்திரம் துணை நின்றது. தோட்டத்தில் இறங்கு என்றவனுக்குத் துணையாக இருந்தது சம்பளப் புத்தகம் மட்டுமே. சம்பளத்திற்காகப் போராடத் துணிந்தவர்கள் அதையும் எதிர்க்கத் துணிந்தனர்.

அத்துணிவுக்கு உருக்கொடுத்தது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம். அதன் முன்னணியில் நின்றவர் ஆர். எச். நாதன், கோலாலம்பூரின் 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றியவர். ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்ததால் ரப்பருக்கு நல்ல விலை, விலைவாசியும் ஏறிக்கொண்டிருந்தது. 1941-இன் முதல் மாதங்களில் தொடங்கிய வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. கூலி சிறிது உயர்ந்தது. ஆனால் மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி ஆயிரக்கணக்கானோர் மீண்டும் வேலையை நிறுத்தினர். இந்தியச் சிப்பாய்களைக் கொண்ட படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் ஐவர் மாண்டனர். சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். பேராக் தோட்டங்கள் இப்போராட்டத்தின் களமாக இருக்கவில்லை. ஆனால் இறங்கும் வழக்கம் ஒரு மாநிலத்துக்கு மட்டும் உரியதன்று. கிள்ளானில் நடந்தது என்னவென்று பேராக் லயங்களிலும் பேசப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

அடுத்த ஏழு மாதங்களில், எவரும் எதிர்பாராத வகையில், துரைமார்களே ஓடும் நாள் வந்தது. அவர்களை ஓட்டியதிலும் சைக்கிளுக்குப் பங்குண்டு. 1941 டிசம்பர் 8-ஆம் நாள் கரையிறங்கிய சப்பானியப் படையில் ஒவ்வொரு டிவிஷனுக்கும் ஏறத்தாழ 500 மோட்டார் வண்டிகளும் 6,000 சைக்கிள்களும் இருந்ததாக அப்படையெடுப்பைத் திட்டமிட்ட சுஜி மசனோபு தம் நூலில் எழுதியுள்ளார். பாலங்கள் தகர்க்கப்பட்டால் சிப்பாய் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தான். டயர் வெடித்தால் டயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் இரும்பு விளிம்பிலேயே ஓட்டினான். இரவில் அந்த ஓசையை டாங்கிகள் வருவதாக எதிரிகள் மயங்கினர் என்றும் சொல்வர். மலாயாக் கடைகள் நெடுகச் சப்பானிய உதிரிப் பாகங்கள் கிடைத்தன. போதாததற்கு மக்களின் வண்டிகளும் பறிக்கப்பட்டன. டிசம்பர் இறுதியில் ஈப்போ விழுந்தது. அதற்குத் தெற்கே கம்பாரில் டிசம்பர் 30 முதல் ஜனவரி 2 வரை பிரிட்டிஷ், இந்தியப் படைகள் உறுதியாக நின்று போரிட்டும் பயனில்லை. தமிழர் வெட்டிப் போட்ட தார்ச்சாலை வழியே, தமிழர் வெட்டிய பாலாலான டயர்களில், சிங்கப்பூர் வரை சென்றது அப்படை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது.

ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை, தோட்டத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண இரயில்பாதை விழுங்கியது.

போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில் பேராக்கில் மீண்டும் துப்பாக்கி வெடித்தது. 1948 ஜூன் 16 காலையில் சுங்கை சிப்புட்டின் எல்பில் தோட்ட அலுவலகத்துக்குச் சைக்கிளில் வந்த சீன இளைஞர் சிலர், அதன் நிருவாகியைச் சுட்டுவிட்டுச் சைக்கிளிலேயே போய்விட்டனர். சிறிது தொலைவில் இருந்த மற்றொரு தோட்டத்தில் அதே காலையில் மேலும் இரு வெள்ளையர் கொல்லப்பட்டனர். நாடெங்கும் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது.

அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் தோட்டத் தமிழனின் சைக்கிள் புதுவகைச் சந்தேகத்திற்கு ஆளாயிற்று. காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுப்பதே அரசாங்கத்தின் போர்முறை. லயங்களைச் சுற்றி முள்வேலி, வாயிலில் சோதனை. சைக்கிள் பம்பின் குழலிலும் சட்டத்தின் குழாயிலும் அரிசியை அடைத்துக் கடத்துகிறார்கள் என்று தெரிந்ததும் பம்பையும் கழற்றிப் பார்த்தார்கள். வெட்டுக்குப் போகிறவன் மதியச் சோற்றைக்கூட எடுத்துச் செல்ல முடியவில்லை. முன்பு மரியாதைக்காக இறங்கினான். இப்போது சோதனைக்காக இறங்கினான். காட்டுக்காரர்களுக்கு உதவினால் சிறை, மறுத்தால் கத்தி என்று இரு பக்கமும் இடிபட்ட அம்மக்களின் கதை இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை.

ஆயினும் சைக்கிள் தோட்டங்களில் பரவியதும் இக்காலத்தில்தான். 1950-இல் மூண்ட கொரியப் போரால் ரப்பர் விலை ஏறியது. கூலியும் ஓரளவு ஏறியது. 1954-இல் பல சங்கங்கள் இணைந்து பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. தோட்டத்துக்கு வெளியே குடியிருந்து வேலைக்கு வருவோர் தொகையும் வளர்ந்தது. வெள்ளையர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது வேலை இழந்தோர் எங்கெங்கோ வேலை தேட வேண்டியதாயிற்று. அவர்களுக்குச் சைக்கிள் வெறும் வசதியாக இல்லை, பிழைப்பாகவே ஆயிற்று. சிறு தோட்டங்களில் பால் வாளியும் ஒட்டுப்பால் மூட்டையும் கேரியரில் ஏறின. சுங்கை சிப்புட்டுக்காரரான வீ. தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்ட பணத்தில் தோட்டங்களையே வாங்கத் துணிந்தது. கூட்டுப் பிடித்துச் சைக்கிள் வாங்கிய மக்களுக்கு அத்திட்டம் எளிதாக விளங்கியதில் வியப்பில்லை.

ஈப்போ நகரில் இக்கதைக்கு ஒரு கிளை உண்டு. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த சில குடும்பங்கள் கடலையும் முறுக்கும் வறுபயறும் செய்து விற்பதைத் தொழிலாகக் கொண்டன. முதலில் தலைச்சுமை, பிறகு சைக்கிள். கேரியரில் தட்டுகள் அடுக்கிய பெட்டி, கூம்பாகச் சுருட்டிய காகிதம், திரையரங்கு வாசல். மலேசியா முழுவதும் 'கச்சாங் பூத்தே' என்று அறியப்படும் பண்டம் இவ்வாறு பரவியது. இவர்களில் பலர் குடியிருந்த குனோங் செரோ குன்றின் அடிவாரத்தில் 1973-இல் பாறை சரிந்து பலர் மாண்டனர். பிறகு புந்தோங் பகுதியில் அமைந்த குடியிருப்பு அவர்கள் தொழிலின் பெயராலேயே வழங்கி வருகிறது.

பெண்களின் நிலை வேறு. பால் வெட்டியவர்களில் அவர்களே சரிபாதி. எனினும் பாருள்ள வண்டியில் சேலையோடு ஏற முடியாது. பாரில்லாத வண்டி வாங்கும் எண்ணமும் வீட்டில் எழாது. கணவன் மிதிக்கக் கேரியரில் ஒருபுறமாக அமர்ந்து டவுனுக்குப் போனதே பெரும்பாலோர்க்குக் கிடைத்த சைக்கிள் பயணம். தமிழ்நாட்டிலும் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நாட்டுப்புறப் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தபோதுதான் அது ஓர் இயக்கமாயிற்று. கல்லுடைப்பவரும் களையெடுப்பவரும் கேலியைப் பொருட்படுத்தாமல் ஏறி மிதித்தனர். மலாயாத் தோட்டத்தில் அப்படியோர் இயக்கம் நடக்கவில்லை, நடந்திருக்க வேண்டும்.

1960-களில் ஹோண்டா 'கப்' என்னும் சிறு மோட்டார் சைக்கிள் வந்தது. அப்பெயரோடு சிறியது என்று பொருள்படும் கன்டோனியச் சொல்லைச் சேர்த்து மலேசியர் அதனைக் 'கப்சாய்' என்றனர். சைக்கிளைத் தோட்டத்திலிருந்து விரட்டியது அதுவே. பின்னர்ப் பால்மரங்களும் போயின. செம்பனை வந்தது, சில தோட்டங்களில் வீடுகள் எழுந்தன. லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் ஈப்போவின் புறநகர்களிலும் கோலாலம்பூரிலும் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் போயினர். செம்பனைத் தோட்டங்களிலும் ஆலைகளிலும் இப்போது இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். முகவருக்குக் கடன்பட்டு வந்தவர்கள் அவர்களில் பலர். வேலை விட்டு விடுதி திரும்பும் நேரத்தில் பேராக்கின் சாலையோரங்களில் சைக்கிள் மிதித்துச் செல்வோர் பெரும்பாலும் அவர்களே.